பதினோரு கிலோ கை பிரேக்

பிப்ரவரி 3: பின்சக்கர பிரேக் ஷூ, புது கேபிள் – 2,150
பிப்ரவரி 24: பிரேக் லைன் வால்வு – 3,400
மார்ச் 17: ஷாஃப்ட் பிரேக், பழையது – 9,800
தேதி தெரியாது: கல், 11 கிலோ – 0

இந்தச் செலவுக் கணக்கின் கடைசியில் உள்ள கல்லால்தான் ஜீப்காரருக்குக் ‘கல்லு’ என்ற பெயர் வந்தது. இருபத்திரண்டு வருடமாக மலை மேலே இருக்கும் குவாரிக்கு ஆட்களை ஏற்றிப் போகிறார். நிறுத்தியதும் இறங்குவார், சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளுவார். கை பிரேக் லீவரில் துண்டைக் காயப்போடுவார். மற்றபடி அந்த லீவருக்கு வேலை கிடையாது.

ஜனவரியில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் ஏற்றும் வண்டி, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கை பிரேக்கில் மட்டும் சரிவில் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் சான்றிதழ் இல்லையென்றால் குவாரி வேறு வண்டியைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஜீப்பை விற்றுவிட்டு மச்சானின் பட்டறையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். மனைவியின் தம்பியான அந்த மெக்கானிக் இதை ஆறுதலாகத்தான் சொன்னான். கல்லுவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதலில் பின்சக்கர டிரம்மை இழுக்கும் கேபிள். தார் ரோட்டில் அருமையாகப் பிடித்தது. ஒரு வாரம் ஓடையைக் கடந்ததில் டிரம்முக்குள் சேறு புகுந்தது, கேபிள் துருவேறியது. சோதனை நாளில் லீவர் அவர் மார்பு வரை வந்தது. ஜீப் அலுவலக மதில் வரை போனது.

அடுத்தது வால்வு. பிரேக்கை மிதித்து வால்வைத் திருகினால் அழுத்தம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். சேற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்து நிமிடம் கற்சிலை மாதிரி நின்றது. இன்ஸ்பெக்டர் டீயை வாயருகே கொண்டுபோன பதினோராவது நிமிடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் இறங்கத் தொடங்கியது.

“இது பூட்டு இல்லைங்க, ஒத்திவைப்பு,” என்றார் இன்ஸ்பெக்டர். லைனில் எண்ணெய் கசிந்தால் கால் பிரேக்கும் கை பிரேக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது, கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஷாஃப்டையே பிடிக்கும் பிரேக். சேறு எட்டாத உயரம். ஓடும்போது மட்டும் இழுத்துவிடக் கூடாது, ஆக்சில் முறிந்துவிடும் என்று மச்சான் மூன்று தடவை சொன்னான். சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லவில்லை.

சோதனை மார்ச் 31. கடைசி வாய்ப்பு. கல்லை வீட்டிலேயே வைக்கச் சொன்னார் கல்லு. அது வந்தால் மானம் போய்விடுமாம். மனைவி சரி என்றாள். கூடவே ஒரு கனமான பையோடு ஏறிக்கொண்டாள்.

பதினைந்து நிமிடம். ஜீப் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் பின் டயரில் காற்று இறங்கியிருப்பதைப் பார்த்தார். மாற்றிவிட்டால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

கல்லு சரிவிலேயே ஜாக்கி வைத்தார். சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் யாரும் தொடாமலே சுற்றியது. மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் மெல்ல உருண்டது. ஜாக்கி சாய்ந்தது. கல்லுவின் முழங்கால் அதன் கீழே.

மனைவியின் பையிலிருந்து கல் வெளியே வந்து மறுபக்கச் சக்கரத்தின் அடியில் விழுந்தது. ஜீப் நின்றது. ஜாக்கி சாய்ந்தபடியே நின்றது.

“மானத்தை வீட்டுல வச்சுட்டு வந்தேங்க,” என்றாள் மனைவி. “இதை வைக்க மனசு வரல.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கூட வந்திருந்த மச்சான் தொண்டையைச் செருமினான்.

“ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கினா ஷாஃப்ட் பிரேக் பிடிக்காது மாமா. ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு எதிரா சுத்திடும். ஃபோர் வீல் கியரைப் போட்டிருந்தா முன்சக்கரமும் சேர்ந்து புடிச்சிருக்கும்.”

“அதை எப்பச் சொல்லலாம்னு இருந்த மாப்ளே? என் காரியத்தன்னிக்கா?”

இன்ஸ்பெக்டர் மறுபடி செய்யச் சொன்னார். ஃபோர் வீல் போட்டு, கல்லை எடுத்து, சக்கரத்தைத் தூக்கினார்கள். இந்த முறை யாரும் வண்டியின் பக்கத்தில் நிற்கவில்லை. ஜீப் நின்றது. முடிவு தபாலில் வரும் என்றார்.

இருபத்திரண்டு நாள் கல்லு தபால்காரரைச் சம்பந்தி மாதிரி கவனித்தார். அனுமதி இரண்டு நிபந்தனைகளோடு வந்தது. ஒன்று, ஜாக்கி வைக்கும்போது ஃபோர் வீல் கியரில் இருக்க வேண்டும். இரண்டு, சக்கரத் தடுப்பு ஒன்று, எடை பத்து கிலோவுக்குக் குறையாமல், எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

மனைவி இரண்டாவது நிபந்தனையை மட்டும் தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கல்லு துண்டை லீவரிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குவாரிக்குக் கிளம்பினார்.

கடிதம் வந்தது ஏப்ரல் 22, புதன்கிழமை.