யானை பார்க்க வைத்திருந்த திங்கட்கிழமை

1980 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுததும் கிணற்றடியில் இரண்டு வாளி உடுப்புக் கழுவினேன். ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பிட்டும் பழமும். எட்டு மணிக்கு அடுப்படி கூட்டி, வாழையிலைகளைத் துடைத்து அடுக்கினேன். ஒன்பது முதல் பதினொன்று வரை லொறி கழுவினோம். அன்றைய நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

லொறி என் கணவருடைய அக்காவின் வீட்டுக்காரருடையது. அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்முனையிலிருந்து மீன் ஏற்றுகிற சின்ன லொறி அது. திங்கட்கிழமை ஒரு நாள் தருகிறேன், ஓட்டவும் நானே வருகிறேன், செவ்வாய் காலையில் மீனுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். தேசிக்காய்த் தோலும் சாம்பலும் போட்டு மூன்று முறை தேய்த்தோம். மூன்றாம் முறைக்குப் பிறகும் சூரை மீன் மணத்தது.

லாகுகலைக்கு யானை பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று என் கணவர் மூத்த மகளுக்கு நான்கு வயதில் சொன்னார். இப்போது அவளுக்குப் பதினொன்று. அடுத்தவன் எட்டு, கடைக்குட்டி ஐந்து. ஒரு வருஷம் வெள்ளாண்மை தடுத்தது, ஒரு வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல், சூறாவளி வருஷம் கூரையோடு போயிற்று. இந்த வருஷம் அவருக்குச் சவூதியில் தச்சு வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை கொழும்புக்குப் பயணம். திரும்பி வர இரண்டு வருஷம். திங்கட்கிழமையை விட்டால் ஐந்து பேரும் சேர்ந்து போக வேறு நாள் இல்லை.

நாளைத் தேர்ந்தெடுத்தது நான். நான் படிப்பிக்கிற முஸ்லிம் பாடசாலை வெள்ளிக்கிழமை நோன்பு விடுமுறைக்கு மூடியது. சுவரிலிருந்த கலண்டரில் நோன்பு செவ்வாய் என்று போட்டிருந்தது. நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் முப்பது நாள் என்று நானும் எண்ணிக்கொண்டேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மணிக்கணக்கோடு எழுதினேன்: ஐந்துக்குப் புறப்பாடு, எட்டுக்குப் பொத்துவில், பகல் கடற்கரையில் சோறு, நாலரைக்கு லாகுகலைக் குளம். ஒரு மாதத்தில் நாலு தரம் திருத்தி எழுதியது. காட்டியபோது மதினி, அதாவது என் கணவரின் அக்கா, சிரித்தார்.

"டீச்சர், பிறை உங்கட கலண்டரப் பாத்துட்டா வரப் போகுது?"

"இருபத்தொன்பதில பிறை தெரியிறது குறைவு மதினி."

"அத பிறைக்கிட்டயும் ஒருக்காச் சொல்லி வைங்க."

அன்று அந்தியில் மஃரிப் தொழுது முடிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் மேற்கே வயல் ஓரத்துக்கு ஓடினார்கள். பத்து நிமிஷத்தில் மகன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"உம்மா, பிறை கண்டாச்சு. நான்தான் முதல்ல கண்ட."

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நாளைக்கு முதல் நோன்பு.

உண்மையை எழுத வேண்டும். எனக்கு முதலில் வந்தது கவலையல்ல. அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து கால்களை நீட்டினேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு மாதமாகப் பாஸ்போட்டுக்கும் பெட்டிக்கும் அவருடைய உடுப்புக்கும் ஓடியிருக்கிறேன். நாளைக்கு எங்கும் போக வேண்டாம், படுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கடைக்குட்டி வந்து மடியில் சாய்ந்தாள். "உம்மா, யானையும் நாளைக்கு நோன்பா?"

"யானையும் உன்னப் போலதான். நாள் முழுக்கத் தின்னும்," என்றான் மகன்.

என் கணவர் தொழுதுவிட்டு வந்தார். வாசலில் நின்றே கதைத்தார். "தலை நோன்பில ஊர் சுத்தப் போன குடும்பம் எண்டு பேர் எடுக்கிறதா? விடு புள்ள. ஒண்டும் செய்ய ஏலா. பிள்ளைகளிட்ட நீயே சொல்லு."

நான் ஓம் என்றேன். சொல்ல எழும்பவில்லை.

பிறகு முற்றத்திலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். லொறியின் பின்பக்கத்தில் பிள்ளைகள் இருந்து போவதற்கு அவர் சனிக்கிழமை முழுக்க ஒரு பலகை வாங்கு செய்து அடித்திருந்தார். மூலைகளை அரத்தாள் போட்டு உருட்டி, கடைக்குட்டி விழாமலிருக்க அவள் பக்கத்தில் மட்டும் ஒரு குறுக்குச் சட்டமும் வைத்திருந்தார். அதைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். மூத்த மகள் ஒரு கையில் அரிக்கன் லாம்பைப் பிடித்திருந்தாள். மற்றக் கையில், அவர் பிடுங்கிக் கொடுக்கிற ஆணிகள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன்.

"கழட்டாதீங்க."

"மச்சானுக்கு மீன் ஏத்தணுமே."

"அது செவ்வாக்கிழமை. யானை பின்னேரந்தானே தண்ணிக்கு வாற? நாளைக்குப் பகல் லுஹர் தொழுதுட்டு வெளிக்கிட்டா நாலரைக்குக் குளத்தடிக்குப் போயிரலாம். காலையில போற கடற்கரைய விடுவம்."

"நோன்போடயா?"

"நோன்போடதான். அங்கயே துறப்பம்."

அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "நீ களைச்சுப் போயிரிக்காய். பயணக்காரருக்கு நோன்ப விடச் சலுகை இரிக்குதானே."

"விட்டா பிறகு வேற நாள்ல கழா பிடிக்கணும். எனக்குப் போன வருஷத்துக் கழாவே இன்னும் ரெண்டு கிடக்கு. இன்னும் சேர்க்க ஏலா."

அதற்கு அவர் சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

வேலிக்கு அப்பாலிருந்து மதினியின் குரல் வந்தது. "தலை நோன்புக் கஞ்சி லாகுகலையிலயா? யானைக்கும் ஒரு கோப்பை எடுத்து வைங்க புள்ள."

மதினிக்குப் பக்கத்தில் நின்ற காக்கா மட்டும் கொஞ்சம் யோசித்தார். லொறியை ஓட்டுகிறவர் அவர்தான். "சரி, ஓட்டுறன். ஆனா பிள்ளைகள் எனக்குப் பக்கத்திலயிருந்து விசுக்கோத்துத் தின்னப்படாது. பின்னால ஏத்துங்க."

மூத்தவள் கையைத் திறந்து ஆணிகளைத் தகப்பனிடம் நீட்டினாள். எட்டு ஆணி. இரண்டு வளைந்திருந்தன. அவர் அவற்றைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, வாங்கைத் திரும்ப அடித்தார். அவள் லாம்பை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்தேன். அந்தப் பக்கத்தை ஐந்தாம் தரம் திருத்தினேன். ஐந்து மணியையும் பொத்துவிலையும் கடற்கரைச் சோற்றையும் வெட்டினேன். ஒன்றரைக்குப் புறப்பாடு என்று எழுதினேன். ஈத்தம்பழம், தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பெரிய பிளாஸ்க். இடுப்பு வலித்தது. எழுத்து கோணியது. அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிய மூன்று மணிக்கு எழும்பினேன். முதல் வேலையாக, பின்னேரக் கஞ்சிக்கு இரண்டு சுண்டு அரிசி களைந்து ஊற வைத்தேன். அதற்குப் பிறகுதான் சஹர் சாப்பாட்டுக்கு அவரை எழுப்பினேன்.