ஹஃபீலாவின் ‘நல்லம்’

பாலாவியில் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்கும் ஹஃபீலா யாரையும் ஏசுவதில்லை. ஸ்கூட்டியைக் கொண்டுபோய் வேலியில் இடித்தாலும், “நல்லம் புள்ள, நிப்பாட்டிட்டீங்கதானே” என்பாள். நிப்பாட்டியது வேலிதான். அதை அவள் சொல்லமாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. யுத்தக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது அவள் கைக்குழந்தை. வளர்ந்தது அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில். தண்ணீர் வரிசையில் ஏச்சு, பள்ளிக்கூடத்தில் ஏச்சு, கடைக்குப் போனால் அங்கும் ஏச்சு. ஏச்சுக் கேட்டுத் திருந்திய ஒருவரையும் அவள் கண்டதில்லை. ஏசுகிறவர் எந்தப் பக்கத்தால் வருகிறார் என்று பார்த்து ஒதுங்கப் பழகியவர்களைத்தான் கண்டிருக்கிறாள். அவளிடம் வரும் பெண்கள் பலரும், முதலில் புருஷனிடமோ தம்பியிடமோ ஸ்கூட்டி ஓடப் பழகி, “இது உனக்குச் சரிவராது” என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களை ஏச இன்னொரு வாய் எதற்கு?

நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு மாலையில் அவள் கதிரையில் சரியும்போது, முச்சக்கரவண்டியில் பேக்கரிப் பாண் விற்றுவிட்டு அவளது கணவன் நளீரும் வந்துவிடுவான்.

“இண்டைக்கும் எல்லாரும் நல்லமா?” என்று கேட்பான் அவன்.

“ஓம்.”

“அப்ப ரோட்டில போற நாங்கதான் உசிருக்கு துஆ கேக்கணும்.”

அவள் சிரிப்பாள். சிரிக்கவும் களைப்பாக இருக்கும்.

சபூரா பழக வந்தது ஒரு வெயில் காலத்தில். கணவன் கட்டாரில் இருந்தான். உப்பளங்களுக்கு அப்பால் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். அந்தப் பாதையில் பஸ்ஸை நம்ப முடியாது. லைசன் எடுத்தால்தான் வேலை. லைசனுக்கு ஓடிக் காட்டும் ட்ரயலுக்கு வியாழக்கிழமை குறித்திருந்தார்கள்.

மைதானத்தில் சபூராவிடம் ஒரு பிழையும் பிடிக்க முடியாது. எட்டுப் போடச் சொன்னால் கோலம் போட்டதுபோல் போடுவாள். ரோட்டில் ஏறினால்தான் வில்லங்கம். ஆண்கள் இருக்கும் வாகனம் எதிரே வந்தால் அவளது கண் கீழே போய்விடும். ஒரு கணம்தான். பிறகு நிமிர்ந்துவிடும். பின்சீட்டில் இருந்தபடி ஹஃபீலா அதைக் கண்ணாடியில் பல நாள் பார்த்திருந்தாள். பழகப் பழகப் போய்விடும் என்று நினைத்தாள். கண் நிமிர்ந்த நேரத்துக்கு “நல்லம்” சொன்னாள். தாழ்ந்த நேரத்துக்குப் பேசாமல் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே உப்பு மூட்டை ஏற்றிய லொறி வந்தது. முன்சீட்டில் மூன்று ஆண்கள். சபூராவின் கண் தாழ்ந்தது. ஸ்கூட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“கண்ண உசத்துடி! லொறியப் பாரு!”

ஹஃபீலாவின் இரண்டு காலும் ரோட்டில் உரசின. அவள் எட்டி சபூராவின் கையோடு சேர்த்துப் பிரேக்கை நெரித்தாள். லொறி போன காற்றில் இருவரின் அபாயாக்களும் படபடத்தன.

ஓரத்தில் நிறுத்தியபிறகு சபூராதான் முதலில் பேசினாள். “நீங்களும் ஏசுறீங்க, ராத்தா.”

“வியாழக்கிழம ட்ரயலுக்குப் போகவேணாம், புள்ள. இப்பிடி ரோட்டில விட ஏலாது.”

“அப்ப வேல?”

ஹஃபீலா ஸ்கூட்டியின் சாவியைக் கழற்றி எடுத்தாள்.

“இவ்வளவு நாளும் நல்லம் நல்லம் எண்டீங்களே. அது பொய்யா?”

“பொய்யில்ல. பாதிதான் சொன்னன்.”

“மத்தப் பாதிய லொறிக்காரன் சொல்லட்டும் எண்டு வெச்சிருந்தீங்களா?”

சொல்லிவிட்டுச் சபூரா தரையைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், “என்ட கையில இல்ல, ராத்தா. சின்னதில இருந்தே, ஜெய்னம்புட மகள் ரோட்டில தல நிமிரமாட்டா எண்டு ஊரே மெச்சும். உம்மாக்கு அதுல அவ்வளவு சந்தோசம்,” என்றாள்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று மாலை நளீர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் எத்தின தரம் சொன்னன், ஏசினாத்தான் பழகுவாங்க எண்டு,” என்றான்.

“ஏசினதால ஸ்கூட்டி நிண்டிச்சு. அவள்ட கண்ணு இன்னும் கீழதான் போச்சு.”

அவனுக்கு அது விளங்கவில்லை. விளக்க அவளிடம் தெம்பும் இல்லை. அந்தக் கண்ணைத் தாழ்த்தியது ஏச்சு அல்ல, மெச்சல். ஏச்சுப் பட்ட இடம் நோகும். நோகிற இடத்தை ஆள் மறப்பதில்லை. மெச்சல் நோகாமல் உள்ளே போய்ச் சதையோடு சதையாகிவிடுகிறது. இத்தனை வருடமும் யார் யாருக்குள் என்ன பிழையெல்லாம் தன் ‘நல்லம்’ வழியாக இறங்கியிருக்கும் என்று நினைத்தபோது, எழுந்து தேத்தண்ணி வைக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

ட்ரயல் நாள் கடந்து, சனிக்கிழமை சபூரா வந்து நின்றாள்.

“வேற பொம்புள ஆராவது பழக்கிறாங்களா எண்டு விசாரிச்சுப் பாத்தன். இல்லையாம்.”

“மருந்துக் கடையில என்ன சொன்னாங்க?”

“அடுத்த ட்ரயல் வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கு மேல ஏலாதாம்.”

ஹஃபீலா ஸ்கூட்டியை எடுக்கவில்லை. அவளை நடத்தியே சந்திக்குக் கூட்டிப்போய் ஓரத்தில் நிறுத்தினாள். “வாற ஒவ்வொரு வாகனத்திலயும் ஓடுற ஆள்ட மூஞ்சியப் பாருங்க. பாத்து எனக்குச் சொல்லுங்க.”

“வெக்கமா இரிக்கி, ராத்தா.”

“இருக்கட்டும். அவன்ட அழகப் பாக்கச் சொல்லல்ல. அவன் உங்கள காணுறானா எண்டு பாருங்க.”

முதல் லொறி போனது. சபூரா நிலத்தைப் பார்த்தாள்.

“அது பிழை,” என்றாள் ஹஃபீலா. குரலை உயர்த்தவில்லை. அந்தச் சொல் வாயில் பழக்கமில்லாத பண்டம்போல இருந்தது.

இரண்டாவதும் பிழை. அதற்கடுத்தது வந்தபோது, “மீச... போன் கதைக்கிறான்,” என்றாள் சபூரா மெதுவாக.

“அப்ப?”

“என்னக் காணல்ல. நான் நிக்கணும்.”

பிறகு வெத்திலை மெல்லும் பஸ் சாரதி வந்தான், கொட்டாவி விட்ட வேன்காரன் வந்தான். தலை நிமிராமல் வளர்ந்தவள், வெயில் ஏறும்வரை பாலாவியால் போன ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன்னைக் கண்டவன் யார், காணாதவன் யார் என்றும் சொன்னாள்.

அப்படியே ஒரு வாரம் போனது. மறு சனிக்கிழமைதான் ஸ்கூட்டியில் அதே சந்திக்கு வந்தார்கள். எதிரே லொறி. பின்சீட்டிலிருந்து ஹஃபீலா கண்ணாடியைப் பார்த்தாள். சபூராவின் கண் ஒருமுறை துடித்தது, தாழவில்லை. லொறியைப் போகவிட்டுத் திரும்பினாள்.

கொஞ்சத் தூரம் போனார்கள்.

“சிக்னல் இன்னும் அடிக்குது. அத நிப்பாட்டுங்க,” என்றாள் ஹஃபீலா.

“அதுக்கு முந்தி ஒரு நல்லம் சொன்னா என்ன, ராத்தா?”

“முதல்ல சிக்னல்.”

சபூரா அதை நிறுத்தினாள். ஹஃபீலா பின்னால் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகுதான் சொன்னாள்.