புகையிலையை விட்ட மூவரும் என் குசினியும்

புகையிலையை விடுகிற மனுசனுக்குக் காவலிருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். நியமனக் கடிதம் கிடையாது, லீவு கிடையாது, நல்லபடியாக முடிந்தால் பாராட்டு முழுவதும் விட்டவருக்கே போய்விடும். இந்த உத்தியோகத்தில் இருந்த, இருக்கிற, இனி மாட்டப்போகிற சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். விட்டவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் எழுதியதை நான் காணவில்லை. அவர்களுக்கு நேரம் கிடைத்திராது.

என் வீட்டுக்காரர் ராயப்பு, ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிறவர். ஒரு வருடமாக அடிவயிற்றில் குடலிறக்கம். தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், அளவில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். வலை இழுக்க ஏலாது, கரையில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தத்தான் ஏலும். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்தார்கள். போனார். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் அம்மா அவருடைய நெஞ்சைக் குழல் வைத்துக் கேட்டா, பிறகு சேட்டுப் பொக்கற்றைப் பார்த்தா, திருப்பி அனுப்பிவிட்டா. நாலு கிழமை ஒரு சிகரட்டும் பத்தாமல் வந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் வரிசையில் கடைசி ஆள். அதாவது இன்னும் ஒரு வருடம் கரையில். கடலுக்குப் போகாத ராயப்புவை இன்னொரு வருடம் வீட்டில் வைத்திருக்க அவராலும் ஏலாது, என்னாலும் ஏலாது.

தனியாக விடப் பார்க்க வேண்டாம், கூட விடுகிற ஆட்களைச் சேருங்கள் என்று கிளினிக்கில் ஒரு தாதி மிஸ் சொல்லி அனுப்பினா. வள்ளத்தில் இவரோடு பங்காளியாக இருக்கிற சவிரி, "அண்ணை விட்டால் நானும் விடுறன்" என்று வந்தான். மூன்றாவது ஆளை நாங்கள் கூப்பிடவேயில்லை. மீன் விற்கிற திரேசக்கா ஓலைக் கடகத்தை வாசல் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றா. அறுபது வயது, அதில் நாற்பது வருடம் சுருட்டு. "என்னையும் எழுது, பிள்ளை" என்றா. கொன்வென்ற்றில் படித்த பழக்கம், ஒரு கொப்பியில் மூன்று பேரையும் எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். ஒவ்வொரு பின்னேரமும் என் குசினியில் கூடுவது, ஆசை வந்தால் மற்றவருக்கு ரெலிபோன் எடுப்பது, பத்தினால் பொய் சொல்லாமல் ஒத்துக்கொள்வது. இவ்வளவுதான் சட்டம்.

முருங்கைக்கு மருந்து

முதல் நாள் பின்னேரம் மூவரும் தங்களிடமிருந்ததை என் குசினி மேசையில் வைத்தார்கள். இரண்டு சிகரட் பெட்டி, அதற்கு மேலே இவர் வலைக்கூடைக்குள் ஒளித்திருந்த இன்னொன்று, திரேசக்காவின் இடுப்புப் பையிலிருந்து ஒரு கட்டுச் சுருட்டு. கடலில் எறிவோம் என்று இவர் சொல்ல, "மீன் பழகிப்போடும் அண்ணை, பிறகு தூண்டிலுக்கு வராது" என்று சவிரி தடுத்தான். எனக்கு இந்தச் சடங்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. ஒரு வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் உதிர்த்துக் கொட்டினேன். பொய் சொல்லக்கூடாதென்று சட்டம் எழுதியவள் நானே என்பதால் சொல்லிவிடுகிறேன்: ஒரு பெட்டியை மட்டும் அவர்கள் திரும்பிய நேரம் எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது.

அடுத்த நாள் அந்தக் கறுத்தத் தண்ணீரை வடித்து, மசுக்குட்டிப் புழு அப்பியிருந்த முருங்கைக்கு அடித்தேன். மறுநாள் திரேசக்கா வந்தபோது மரத்தின் கீழ் ஒரு பாய் விரித்ததுபோல மசுக்குட்டி செத்துக் கிடந்தது. அக்கா கடகத்தை இறக்காமலே நின்று பார்த்தா. ஒன்றைக் கால் விரலால் புரட்டினா. ஆடவில்லை.

"நாப்பது வரியம் நான் தாக்குப் பிடிச்சிருக்கிறன், பிள்ளை. இதுகள் ஒரு இரவு தாங்கேல்லை."

பேச்சில்லாத ரெலிபோன்

இரண்டாம் நாளே சவிரி விழுந்தான். பக்கத்து வள்ளக்காரன் நீட்டியதை வாங்கி மூன்று இழுவை இழுத்துவிட்டு, தானாகவே வந்து குசினி வாசலில் நின்று சொன்னான். கொப்பியில் சிவப்பு மையால் ஒரு வெட்டுப் போட்டேன். திரேசக்கா ஏசுவா என்று பார்த்தால், "சரி, இண்டைக்கு உனக்கு முதலாம் நாள், இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டா. அவ்வளவுதான். நான் ஏசுவதற்கு ஆயத்தம் செய்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று.

இவருக்குக் கெட்ட நேரம் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு. தேத்தண்ணிக் கோப்பை காலியானதும் வலது கை தானாகச் சேட்டுப் பொக்கற்றுக்குப் போகும். வெறும் பொக்கற் என்று கை கண்டுபிடித்ததும் முகம் மாறும். அப்போது சவிரிக்கு எடுப்பார். சவிரி துறையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பான். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். "என்ன செய்யிறாய்?" என்றார். பிறகு "ம்" என்றார். பிறகு ஒன்றுமில்லை. காதில் ரெலிபோனை வைத்தபடி கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சோறு உலை கொதித்து, கஞ்சி வடித்து, நான் திரும்பிவந்தும் அப்படியே. அந்தப் பக்கத்தில் ஆள் இல்லையாக்கும் என்று பறித்துக் காதில் வைத்து, "சவிரி, நீ வைச்சிட்டியோ?" என்றேன்.

"வைக்காதேங்கோ அக்கா, நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

புழுக்கொடியல்

கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்று கிளினிக் மிஸ் சொல்லியிருந்தா. எங்கள் தீவில் அதற்குப் புழுக்கொடியலை மிஞ்சி என்ன இருக்கிறது? அவித்து வெயிலில் காயவைத்த பனங்கிழங்கு. விறகு மாதிரி இருக்கும், ஒன்றைச் சப்பி முடிக்க அரை மணித்தியாலம் போகும். திரேசக்காவுக்குப் பல் ஒத்துழைக்காததால் அவவுக்கு மட்டும் கன்னத்தில் ஒதுக்க ஒரு துண்டுப் பனங்கட்டி. இவருக்கும் சவிரிக்கும் சேட்டுப் பொக்கற்றில் புழுக்கொடியல். இவர் அதை இரண்டு விரலுக்கிடையில்தான் பிடிப்பார். இடைக்கிடை கதிரைக் கையில் தட்டுவார். எதை உதிர்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. இந்த உத்தியோகத்தில் சிலதைக் காணாததுபோல இருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர் புது எஞ்சின் ஒன்றைப் பற்றிக் கதைக்க வந்தார். இவருக்கு எஞ்சின் என்றால் தன்னை மறந்துவிடும். வந்தவர் ஒரு சிகரட்டை எடுத்து வாயில் வைத்துவிட்டு நெருப்புப்பெட்டி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர் குசினிக்குள் போய்ப் பெட்டியை எடுத்துவந்து, ஒரு குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையைக் குவித்து, விருந்தாளியின் சிகரட்டைப் பத்த வைத்தார். பிறகு, இருபத்தைந்து வருடப் பழக்கத்தில், அதே குச்சியால் தன் வாயிலிருந்த புழுக்கொடியலையும் பத்த வைத்து நன்றாக ஒரு இழுவை இழுத்தார். கருகின கிழங்கு மணம் வீடெல்லாம். இவர் கண்ணில் தண்ணீர் வர இருமுகிறார். செயலாளர் குனிந்து அந்தத் துண்டை வடிவாகப் பார்த்தார்.

"ராயப்பண்ணை, இது எந்தக் கொம்பனி?"

செத்தவீட்டுத் தட்டம்

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. பழைய சம்மாட்டி ஒருவர், ஒரு காலத்தில் சொந்த வள்ளங்களும் கூலியாட்களும் வைத்துத் தொழில் நடத்தினவர். இரண்டு வருடமாக நெஞ்சுச் சளியோடு கட்டிலில் கிடந்தவர். எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுருட்டு, சிகரட், நெருப்புப்பெட்டி எல்லாம் அடுக்கிய தட்டம் ஒன்று ஆண்கள் இருக்கிற பந்தலைச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். நீட்டும்போது ஒன்றையாவது எடுக்காவிட்டால் வீட்டுக்காரரை மதிக்கவில்லை என்று கணக்கு. நான் உள்ளே பெண்களோடு சவப்பெட்டியடியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். யன்னலால் பந்தல் முழுக்கத் தெரிந்தது. தட்டம் சவிரியிடம் வந்தது; பாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பினான். இவரிடம் அதை நீட்டியவர் செத்தவரின் மூத்த மகன். இவர் ஒரு சிகரட்டை எடுத்தார்.

எடுத்தவர் வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. இரண்டு விரலுக்கிடையில் பிடித்து உருட்டிக்கொண்டு இருக்கிறார். எனக்கு அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றுவிட்டது. பெண்கள் நடுவிலிருந்து எழும்பி ஆண்கள் பந்தலுக்குப் போய் என் புருசனின் கையைத் தட்ட நான் யார்? கொன்வென்ற்றில் படிப்பித்த மரியாதை அந்த இடத்தில் என் காலைக் கட்டிப்போட்டது. திரேசக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீலையை உதறிக்கொண்டு எழும்பினா, நேரே பந்தலுக்குள் நடந்தா, இவருக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தா. அவ்வளவு ஆண்களும் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. அந்த அமைதியில் எனக்கே கேட்டது.

"உள்ளை கிடக்கிறவர் உந்தப் புகையை இழுத்துத்தான் கிடக்கிறார், தம்பி. சிகரட்டைத் தட்டத்திலை வை, நெருப்புப்பெட்டியை எடு, போய் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து."

காவல்காரி விழுந்த கதை

இவர் மெழுகுதிரி கொளுத்தினார். நானும் பெருமையாக வீட்டுக்கு வந்தேன். பெருமை இரண்டு நாள் தாங்கியது. எட்டாம் நாள் மழைக்குணம். இவருக்குக் கரைக்கும் போக ஏலாது. காலையில் சொதிக்கு உப்புக் காணாது, போதாது என்றார். பிறகு உப்புக் கூடிப்போச்சு என்றார். என் குசினித் தட்டில் இருந்த போத்தல்களை உயரத்தின்படி அடுக்கினார். மஞ்சள் எங்கே, சீரகம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் மணிக்கூடு சத்தம் போடுகிறதென்று கழற்றினார், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதற்கும் நான்தான் காரணம். மத்தியானம் மட்டும் பொறுத்தேன். பிறகு அரிசி வாளிக்குள் கையை விட்டேன். பெட்டியையும் நெருப்புப்பெட்டியையும் அவருடைய கதிரைக் கையில் வைத்தேன். "பத்துங்கோ. பத்திப்போட்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருங்கோ. ஒப்பரேசனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றேன். கொன்வென்ற் சிஸ்டர்மார் கேட்டிருந்தால் என்னை முழங்காலில் நிறுத்தியிருப்பார்கள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். எட்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தை வடிவாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எழும்பிப் போய்ப் பெட்டியை முற்றத்து வாளித் தண்ணீருக்குள் போட்டு, மிதக்காமல் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "உமக்கு ஏலாட்டில் சவிரிக்கு ஒரு கோல் எடும்" என்றார், திரும்பாமல்.

நக்கல் என்றுதான் நினைத்தேன். நக்கல் இல்லை. ரெலிபோனை எடுத்து நீட்டினார். எடுத்தேன். சவிரி, "சொல்லுங்கோ அக்கா" என்றான். என்ன சொல்வது? என் புருசனுக்கு நானே சிகரட் கொடுத்தேன் என்றா? "ஒண்டுமில்லை, சும்மா" என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மழைச் சத்தம், இந்தப் பக்கமும் மழைச் சத்தம். என்ன ஏது என்று துருவாமல் ஒருத்தர் கூட இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று நாற்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் கண்டேன். கன நேரம் போய், வைக்கப்போகிறேன் என்றேன்.

"அவசரமில்லை அக்கா, நானும் சும்மாதான் இருக்கிறன்."

கொப்பியில் நாலாவதாக என் பெயரையும் எழுதி, அன்றைய திகதிக்கு ஒரு சிவப்பு வெட்டுப் போட்டேன். மூவரும் பார்த்தார்கள். திரேசக்கா கதிரையை இழுத்துப் போட்டா.

டொக்டர் அம்மாவின் கேள்வி

எட்டாம் நாளைத் தாண்டியபிறகு நாட்கள் தாமாகவே நடந்தன. நாலு கிழமை முடிந்து வார்ட்டுக்குப் போனோம். நாலு பேரும்தான், சவிரி கடலுக்குப் போகவில்லை, திரேசக்கா கடகம் தூக்கவில்லை. அதே டொக்டர் அம்மா. "உண்மையைச் சொல்லுங்கோ, கடைசியா எப்ப பத்தினது?" என்றா. இவர் திகதியைச் சொன்னார். அவ நம்பவில்லை, தினமும் எத்தனை பேர் அந்தக் கதிரையிலிருந்து அவவுக்குப் பொய் சொல்கிறார்களோ. நான் கைப்பையைத் திறந்து கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினா. சவிரியின் வெட்டு, பிறகு என் வெட்டு. "இந்த நாலாவது ஆளும் சிகரட்டோ?" என்று கேட்டா. "இல்லை, அவ கோவம்" என்றார் இவர். டொக்டர் அம்மா சிரிக்காமல் நெஞ்சில் குழலை வைத்து, முன்னாலும் பின்னாலும் நெடுநேரம் கேட்டா. எனக்கு அந்த நேரத்தில் எந்தச் செபமும் வாயில் வரவில்லை.

மூச்சு வடிவாயிருக்கிறது, நாளைக்கு முதல் ஆளாக எடுக்கிறேன் என்றா. எடுத்தா. இப்போது தேசிக்காயும் இல்லை, இருமலும் இல்லை. மாரி முடிய இவர் வள்ளத்தில் ஏறிவிட்டார். காலையில் என் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. பின்னேரங்களில்தான் இன்னும் மூவரும் வருகிறார்கள். விடுவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா இருந்து கதைக்கிறார்கள், தேத்தண்ணி குடிக்கிறார்கள், பனங்கட்டி கடிக்கிறார்கள். போன கிழமை கிளினிக்கில் மூன்று பேருக்கும் இரத்தம் குத்திப் பார்த்து, மூன்று பேருக்கும் சீனி கூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். திரேசக்கா படலையைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது.

"பிள்ளை, கொப்பியிலை புதுப் பக்கம் ஒண்டு கீறு."

சீனியை விடுகிற கூட்டமும் என் குசினியில்தான் கூடும் என்று மூவரும் என்னைக் கேளாமலே முடிவு செய்துவிட்டதால், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதற்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில்தான் கோடு கீறிக்கொண்டிருக்கிறேன்.