கைதட்டல் வாங்கிய நோயாளி

போன மாதம் எங்கள் திண்டுக்கல்லில் டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஆமாம், டாக்டர்களுக்குத்தான்! ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நாங்கள், ஒரு பள்ளிக்கூட ஹாலில், முழங்கால் இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டோம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் கிளினிக் வம்புகளை எழுதி உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் அதற்கு உத்தரவாதம் இல்லை.

பாடம் என்ன? மனச்சோர்வு. கூடவே அதற்கு உறவான இன்னொரு நோய்... சில பேருக்கு ஒரு காலம் எழுந்திருக்க முடியாத சோர்வு, இன்னொரு காலம் தலைகால் புரியாத உற்சாகம். மாறி மாறி வரும். புத்தகத்தில் 'மேனிக் டிப்ரஷன்' என்று பெயர். நான் படித்த காலத்தில் இதற்கென்று ஒரு வகுப்பு நடந்ததாக ஞாபகமே இல்லை. முற்றிப்போனால் மெட்ராஸுக்கு அனுப்பு, இல்லாவிட்டால் டானிக் எழுது. அவ்வளவுதான் எங்கள் ஞானம்.

நம் ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வருகிற அம்மா, "மனசு சரியில்லை" என்று சொல்வாளா? மாட்டாள். "தலை பாரமா இருக்கு தாயி, நெஞ்சுக்குள்ள எரியுது, வெஞ்சனம் வாயில வைக்க முடியல" என்பாள். நாங்கள் தலைக்கு ஒரு மாத்திரை, நெஞ்சுக்கு ஒரு பாட்டில் மிக்ஸ்சர் கொடுத்து அனுப்புவோம். மனசு வந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

பாடம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு மனநோய் டாக்டர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"தூக்கம் எப்படின்னு கேளுங்க. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வருதான்னு கேளுங்க. எதிலயாவது ஆசை இருக்கான்னு கேளுங்க. கடைசியா, செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு கேளுங்க. இதைக் கேட்காம யாரையும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க விடாதீங்க."

ஹாலில் ஒரே சலசலப்பு. வத்தலக்குண்டு டாக்டர் எழுந்தே விட்டார். "சார், அதெல்லாம் மெட்ராஸுக்குச் சரி. இங்கிட்டு அப்படிக் கேட்டா செருப்படிதான் விழும். பொழைக்கணும்னு வந்தவன்கிட்ட சாவைப் பத்திக் கேக்குறதா? இல்லாத நெனப்பை நாமளே ஏத்திவிட்ட மாதிரி ஆயிருமே!"

"கேட்டதால யாரும் சாகலை டாக்டர். கேட்காம விட்டுத்தான்..." மெட்ராஸ்காரர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

மத்தியானம் ஒத்திகை. எங்களில் ஒருவர் நோயாளியாக நடிக்க வேண்டும், ஒருவர் டாக்டராக விசாரிக்க வேண்டும். நோயாளியாக நடிக்க யார்? அத்தனை பேரும் ஒரே குரலில், "சூசை!" என்றார்கள்.

டாக்டர் சூசையை (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஊரில் தெரியாதவர் கிடையாது. மாதா கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் வருஷா வருஷம் அவருக்குத்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் குரல் கணீரென்று போகும். ஆனால் அன்று எழுந்து வர யோசித்தார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர் நாற்காலி எனக்கு.

அவர் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி, மழை பொய்த்து நொந்துபோனவர் — இதுதான் கொடுத்த வேஷம்.

"என்னப்பு செய்யுது?" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் செய்யல தாயி."

"தூக்கம் வருதா?"

"வரும். வந்த வேகத்துல போயிரும். கோழி கூவுற வரைக்கும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

"சத்தமாப் பேசுய்யா சூசை, கேக்கல!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார். சூசை சத்தத்தைக் கூட்டவில்லை. மேஜையைப் பார்த்தே பேசினார். ராஜாவுக்கு என்ன ஆயிற்று?

"வேலையில கை ஓடுதா அப்பு?"

"எங்க ஓடுது? நாடியைப் புடிச்சா எண்ணிக்கிட்டு இருக்கும்போதே விட்டுப்போயிருது. மறுபடி புடிக்கிறேன், மறுபடி விட்டுப்போயிருது. எதிர்ல உக்காந்திருக்கவன் என் மூஞ்சியவே பாக்குறான்."

ஹால் கொல்லென்று சிரித்தது. பின்னே? குஜிலியம்பாறை விவசாயி யார் நாடியைப் பிடிப்பார்? "வேஷம் கலைஞ்சிருச்சுடோய்!" என்று வத்தலக்குண்டு டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேடையில் வசனம் தவறினால் சூசை கண் இமைக்கும் நேரத்தில் சமாளித்துவிடுவார். அன்று சமாளிக்கவில்லை. தவறியதே அவருக்குத் தெரியவில்லை. எப்போதும் மடிப்புக் கலையாமல் உடுத்துகிற மனிதர், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

அடுத்தது அந்தக் கேள்வி. எத்தனையோ சிக்கலான பிரசவம் பார்த்தவள் நான், தயங்கி நின்றதில்லை. அன்று தயங்கினேன். கேட்காமல் எழுந்துவிடலாமா? எல்லாரும் நடிப்பு என்றுதானே நினைக்கிறார்கள்? ஒருவேளை நடிப்பேதானோ? கேட்டு, இத்தனை பேர் முன்னால் மனுஷனைச் சங்கடப்படுத்திவிட்டால்? கேட்காமல், நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால்?

"அண்ணே..." என்றேன். 'அப்பு' போய் எப்போது 'அண்ணே' வந்தது, தெரியாது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா அண்ணே?"

சூசை முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெனமும் தோணுது." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மருந்து அலமாரிச் சாவி இடுப்புலயேதான் இருக்கு டாக்டரம்மா. அப்பப்பத் தொட்டுப் பாத்துக்கிறேன்" என்றார்.

"குடுங்க." கையை நீட்டினேன்.

அவர் அசையவில்லை. நானும் கையை மடக்கவில்லை. கடைசியில் இடுப்பில் துழாவி, சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது.

ஹால் முழுக்கக் கைதட்டல்!

"பிரமாதம்! சாவி வரைக்கும் ரெடி பண்ணிக் கொண்டாந்திருக்கான் பாரு மனுசன்!"

"நிறுத்துங்கய்யா!" என்று கத்திவிட்டேன். நான் அப்படிக் கத்தி அவர்கள் யாரும் கேட்டதில்லை. கைகள் அந்தரத்தில் நின்றன. மெட்ராஸ் டாக்டர் அதற்குள் சூசை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருங்க" என்றார், அதே உயராத குரலில்.

சூசையின் மனைவி பிலோமினா அதே பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். ஆள் அனுப்பினோம். கையில் சாக்பீஸ் தூளோடு ஓடி வந்தார். மெட்ராஸ் டாக்டர் அவரிடம் கேட்டது வேறு கேள்வி. இதற்கு முன்னால் எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல் உற்சாகமாக இருந்தாரா?

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போன வருசம் திருவிழாச் சமயத்துல சார். ராத்திரி பூரா முழிச்சு நாடகம் எழுதுவாரு. ஊருக்கே ஆஸ்பத்திரி கட்டப்போறேன்னு கலெக்டரைப் பாக்கக் கெளம்பிட்டாரு. சூசை டாக்டருக்கு என்னா சுறுசுறுப்புன்னு அம்புட்டுப் பேரும் மெச்சுனாக. எனக்குத்தான் ஈரக்கொலை நடுங்குச்சு. யார்ட்டப் போய்ச் சொல்ல? எம்புருசன் சந்தோசமா இருக்காருன்னு எவளாவது புகார் பண்ணுவாளா?"

இந்தக் கேள்வியைத்தான் பாதி டாக்டர்கள் கேட்க மறக்கிறோமாம். சோர்வை மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்தால், ஆள் எழுந்து எதிர்ப்பக்கம், அந்தத் தலைகால் புரியாத உற்சாகத்துக்கு, ஓடிவிடக்கூடும். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றார் மெட்ராஸ் டாக்டர்.

சூசை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "மனநோய் வார்டுல நான் படுத்தேன்னு தெரிஞ்சா, எவன் எங்கிட்ட வைத்தியத்துக்கு வருவான்?"

"வராட்டிப் போறான்," என்றார் பிலோமினா. "நீங்க இருக்கணும்."

வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. வத்தலக்குண்டு டாக்டரின் கார். பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் சூசை தூங்காமல் பறந்தபோது ஊரே கைதட்டியது. இந்த வருஷம் சாகத் துடித்தபோது நாங்கள் கைதட்டினோம். இரண்டுமே நோய். ஒரு மனிதன் கொஞ்சம் நன்றாகப் பேசிவிட்டால் போதும் — நாம் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரசிக்க ஆரம்பித்துவிடுகிறோம், இல்லையா?

வத்தலக்குண்டு டாக்டர் இப்போது தன் கிளினிக்கில் அந்தக் கேள்வியைக் கேட்கிறாராம். இதுவரை செருப்படி விழவில்லை என்று தகவல். கேட்டதும் நோயாளிகளுக்கு அழுகைதான் வருகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்ச் சூசையைப் பார்த்தேன். மின்சார அதிர்ச்சி சிகிச்சையும் மாத்திரையும் நடக்கின்றன. அந்த அதிர்ச்சியால் சில பெயர்கள் மறந்துபோகின்றன. முகத்தில் அசதி இருக்கிறது. ஆனால் வார்டு சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டாராம். பிலோமினா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாவி இன்னும் என்னிடம்தான். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா அண்ணே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க டாக்டரம்மா," என்றார். "நல்லா நடிச்சேன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க."