ஒரு சிங்களக் கடிதத்துக்காக நூற்று முப்பத்தாறு மைல்

முரசுமோட்டைக் குடியேற்றத்தில் என் தங்கை செல்லம்மாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. பத்திரம் அவள் கணவர் பெயரில்; அவர் சென்ற ஆண்டு காலமானார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாகியிருந்த 1964 மாசியில் அரச முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அனுப்பிய அலுவலகத்தின், எங்கள் பேச்சில் கந்தோரின், பெயர்கூடச் சிங்களத்தில். தங்கை மகன் கணேசன் அதைப் பிரிக்காமல் பதினாறு நாள் வைத்திருந்தான்.

"சிங்களத்தில வந்ததைத் தொடுறேல்லை எண்டு ஊரே முடிவெடுத்திருக்கு, மாமா."

"வயல் போனால்?"

"போகட்டும். மானம் நிக்கும்."

தங்கை கடிதத்தை என் பைக்குள் வைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையைப் பார்க்க வந்திருந்த, முப்பது வருடம் அரச கந்தோரில் ஆங்கிலத்தில் கோப்பு எழுதிய எனக்கும் சிங்களத்தில் ஓரெழுத்தும் தெரியாது. கணேசனைக் கடிய எனக்குத் தகுதி உண்டா என்பது இன்னும் சந்தேகம்தான்.

மறுநாள் காலை 6.40 பஸ்ஸில் முல்லைத்தீவு. இருபத்தெட்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய் நாற்பது சதம். நீர்கொழும்பிலிருந்து வரும் சிங்கள மீனவர் வாடி என்ற தற்காலிகக் குடிசை அடிக்கும் கரை அது. சிங்களம் தாராளமாகப் புழங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி சூசைப்பிள்ளை அவர்களோடு சிங்களத்தில் சிரித்துப் பகிடிவிட்டுக்கொண்டு நின்றார். கடிதத்தைக் கொடுத்தேன். பிரித்து, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"கதைக்கத்தான் தெரியும், ஐயா. வாசிக்கத் தெரியாது. இவங்களும் கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற ஆக்கள்தான். சந்திக்குச் சந்தி பள்ளிக்கூடம் கட்டின யாழ்ப்பாணத்தார் கடுதாசி வாசிக்கக் கடற்கரைக்கு வந்திருக்கிறியள்!"

"நாங்கள் எல்லாரும் தமிழர்தானே" என்றேன்.

"ஓம், இண்டைக்கு. கலியாணம் பேசேக்க மட்டும் நாங்கள் வேற சனம்."

கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு 11.15 பஸ்ஸில் ஏறினேன். சிங்களக் கிராமங்கள் பக்கத்திலுள்ள வவுனியாவுக்கு மாங்குளம் வழியாக ஐம்பத்தைந்து மைல். வழியில் டயர் போய், நாலு மணி நேரம். கடைத்தெருவில் இரும்புக்கடை முஸ்லிம் வியாபாரி காசிம் நானா ஒரு விவசாயியோடு தமிழிலும் அடுத்தவரோடு சிங்களத்திலும் ஒரே மூச்சில் விலை பேசினார். மானம், கோபம் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. கடிதத்தை ஒரு நிமிடத்தில் வாசித்தார்.

"நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்கு விசாரணை. கிளிநொச்சிக் காணிக் கந்தோர். வராட்டி வயல் வேற ஆளுக்கு. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

கிளிநொச்சி தங்கை வீட்டிலிருந்து ஆறு மைல்! மாலை ரயிலில் பரந்தனுக்கு ஐம்பது மைல். பிறகு மூன்று மைல் நடை.

மறுநாள் தங்கையோடு எட்டரைக்கே கந்தோரில் நின்றேன். அதிகாரி யாழ்ப்பாணத்து இளைஞர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதில என்ன போட்டிருக்கு, ஐயா?"

"உங்கள் கையெழுத்துத்தானே?"

"அச்சடிச்சு வருகுது, நான் வைக்கிறன். எனக்கும் வாசிக்கத் தெரியாது."

விசாரணை தமிழில் பத்து நிமிடம் நடந்தது. பதிவை ஆங்கிலத்தில் எழுதினார். வயல் தங்கை பெயருக்கு மாறியது. எழும்பும்போது அவள் அதிகாரியிடம் சொன்னாள்: "தம்பி, அடுத்தமுறை சைக்கிளில வந்து வாயால சொல்லிப்போட்டுப் போங்கோ. ஆறு மைல்தானே."

தமிழர் என்பதற்கு வன்னியில் ஊருக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. எது சரியென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. இப்படியொரு கடிதம் வந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். முல்லைத்தீவும் வேண்டாம், வவுனியாவும் வேண்டாம். கிளிநொச்சியில் இருப்பவை நாலைந்து கந்தோர்கள்தாம். ஒவ்வொன்றாக ஏறிக் கேளுங்கள். அங்குள்ளவர்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் தமிழில் பதில் சொல்வார்கள். அன்று எனக்கு, என்னைப்போன்ற கந்தோர்க்காரரிடம் வாசிக்கத் தெரியாது என்று சொல்லிக் கேட்கப் பயமாக இருந்தது.