மைக்ரோவில் எவ்வளவு, அக்கா?

கணவர் இறந்த பிறகு அவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. மாடி அறையில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் சத்தம்தான் துணை. பேச்செல்லாம் அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடையில்தான். அதுவும் ஒரே பேச்சு. சர்க்யூட் படத்தில் கம்பிச்சுருளின் அளவு மில்லிஹென்றியில் இருக்கும், அந்தக் ‘காயில்’ வரும் டப்பாவின் மேல் மைக்ரோஹென்றியில் இருக்கும். மெக்கானிக்குகள் தலையைச் சொறிவார்கள். ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் ஒருவன் வரும்போதெல்லாம் கேட்பான்.

"அக்கா, 4.7 மில்லின்னா மைக்ரோவுல எவ்வளவு?"

"நாலாயிரத்து எழுநூறு. ஆயிரத்தால பெருக்குன்னு நேத்துதானே சொன்னேன்? காதையும் ஈயம் வச்சு அடைச்சுட்டியா?"

"நீங்க இருக்கும்போது நான் ஏன்க்கா பெருக்கணும்?"

போன வாரம் முதலாளி, எத்தனை மில்லிக்கு எத்தனை மைக்ரோ என்று காட்டும் ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டினார். "இனிமே உங்க தொண்டைத்தண்ணி வத்தாதும்மா" என்றார். அன்றிலிருந்து வருகிறவர்கள் சுவரைப் பார்த்தார்கள், டப்பாவைக் காட்டினார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். கடை மூடும்போது அவள் உதடுகள் பசை போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தன.

நேற்று அட்டவணையை மறைத்து ஒரு காலண்டரை மாட்டினாள்.

இன்று காலை அதே மெக்கானிக் வந்தான். கையிலிருந்த துண்டுச் சீட்டில் 1.5 மில்லிஹென்றி. அவன் கேட்பதற்குள் விடை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவனோ சுவரருகே போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தான்.

"யாருக்கா இதை இங்க மாட்டினது? மறைக்குது பாருங்க."

அவனே அதைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் நேராக மாட்டிவிட்டான். டப்பாவைக் காட்டிக் காயிலை வாங்கிக்கொண்டான்.

"ஆயிரத்து ஐநூறு" என்றாள் அவள். அவன் அதற்குள் படியிறங்கியிருந்தான்.