பெரட்டில் சொல்கிற ‘சரிங்க’

சிமெந்துத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால், உட்கார்ந்திருக்கிற எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. போன மாதம் அட்டனில் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வெளியே மழை, உள்ளே ஈரக்குடைகளின் வாடை, நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டு அமர்கிற தாய் தகப்பன்மார். அந்தக் கிரீச்சொலி என்னை நேரே அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, நான் நாலாம் வகுப்பில் இருந்த ஒரு மழைக்காலத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. தகரக் கூரையில் மழை பலத்தால் எல்லா வகுப்புக்கும் ஒன்றாகப் பாடம் நின்றுவிடும். புதிதாக வந்திருந்த எங்கள் டீச்சர், பெற்றோரை அழைத்து ஒரு கூட்டம் வைத்தார். அதுவரை பிள்ளையைச் சேர்க்கிற அன்றைக்கு ஒருதரம் வந்தால் போதும், அதன்பிறகு படிப்பு டீச்சர் பாடு என்பதுதான் வழக்கம். ஒவ்வொருவரும் தம் பிள்ளை உட்காரும் பெஞ்சிலேயே உட்காரவேண்டும் என்பது டீச்சரின் எண்ணம். வந்தவர்களோ ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று வாசலிலேயே வரிசை பிடித்து நின்றார்கள். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் ‘பெரட்டு’க்கு நிற்கிற நிற்பு அது, யாரும் சொல்லாமலே உடம்பில் ஊறிப்போனது. பெரட்டில் உட்காருவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. இன்ன மலை, இன்ன வேலை என்பார்கள்; ‘சரிங்க’ என்றால் முடிந்தது.

அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த வேலை மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் அவர்தான் வந்திருந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“உக்காருங்க ஐயா.”

“பரவாயில்லைங்க.”

“ஒங்க மக கணக்குல ரொம்பப் பின்னுக்கு நிக்கிறா. அடுத்த வருசமும் நாலுலயே வைக்கட்டுமா, இல்ல வீட்டுல நீங்க கொஞ்சம் பாத்துக்குவீங்களா?”

“சரிங்க.”

“எது சரி?”

“நீங்க எது சொன்னாலும் சரிங்க.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. “தோட்டத்துத் தொரைக்குக்கூட இவன் இப்புடி வளைய மாட்டானே” என்றது ஒரு குரல். டீச்சர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார், தூணோடு ஒட்டி நின்ற என்னைப் பார்த்தார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஒரே வகுப்பில் இரண்டாம் வருடமும் உட்காரவைக்கப்படும் பெண்பிள்ளைக்கு எங்கள் தோட்டத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தம்பியையோ தங்கச்சியையோ பார்த்துக்கொள்ள முதலில் நாலு நாள் வீட்டில் நிற்பாள். நிற்கிற நாட்கள் கூடிக்கொண்டே போகும். பிறகு ஒருநாள், கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாளாம் என்பார்கள். என் பெஞ்சில் எனக்கு முந்திய வருடம் இருந்த ஓர் அக்கா அப்படித்தான் போனாள். மேசையில் அவள் கிறுக்கிய பூ மட்டும் இருந்தது. எங்கள் வீட்டிலும் கைக்குழந்தையாகத் தம்பி இருந்தான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அம்மா வந்து சேர்ந்தாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய ஈரப் ‘படங்கு’ச் சாக்கில் தண்ணீர் சொட்டியது, முதுகில் வெறுங்கூடை.

“என்னா சொன்னாங்க?”

“எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க” என்றார் அப்பா.

“நல்லான்னா, என்னா?”

அப்பா துண்டை உதறினார். நான்தான் சொன்னேன்: “அடுத்த வருசமும் நாலாம் வகுப்புதானாம்.”

அம்மா கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். எங்கே என் இடம் என்று கண்ணாலேயே கேட்டாள், காட்டினேன். குட்டைப் பெஞ்சைக் கிரீச்சென்று இழுத்து, முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான்.

“மொழங்கால் வலிக்குது டீச்சர், உக்காந்துக்கிட்டேன்.”

“அதுக்குத்தானே பெஞ்சு கெடக்கு.”

“இவ அப்பா சொன்னது பெரட்டுல சொல்ற சரிங்க. அத எடுத்துக்காதீங்க. எம்புள்ளைக்கு என்னா வரல, அதச் சொல்லுங்க.”

“பின்னம் வரல.”

“அப்புடின்னா?”

டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டுப் பிரித்துக் காட்டினார். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கும் வரல. ரெண்டு பேருமா படிச்சிக்கிறோம். வருசக் கடைசிப் பரீட்சை வரைக்கும் பாருங்க.” டீச்சர் ஒத்துக்கொண்டார். வாசலில் நின்ற அப்பா காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே அவளுடைய ஏற்பாடு எளிமையானது: பள்ளியில் டீச்சர் சொன்னதை அடுப்படியில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும், ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன்?” என்பாள். நான் மனப்பாடமாக ஒப்பித்தவை எல்லாம் அந்த ஒரு ‘ஏன்’ முன்னால் கொட்டிப்போகும். மறுநாள் டீச்சரிடம் கேட்டு வருவேன். நாங்கள் இருந்த லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுச்சுவர்கள் கூரையைத் தொடாதவை. எங்கள் பாடம் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் போகும். “அடியே சின்ன டீச்சரு, நேத்து கீழ போட்ட எட்டு இன்னிக்கு எங்கடி போச்சு?” என்று அந்த வீட்டு அத்தை சுவருக்கு மேலாகச் சீண்டுவார்.

அப்பா மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். ஒரு மாலை, எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று நான் கேட்க, அவர் முந்திக்கொண்டார்: “எட்டுதான் பெருசு.” இல்லை என்றேன். கத்தியைக் கீழே வைத்தார்.

“எனக்குப் புரியல. திரும்பச் சொல்லு.”

அப்பா வாயிலிருந்து ‘புரியல’ என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான். ஒரே மலையை நாலு பேருக்குப் பிரித்தால் ஓர் ஆளுக்கு எவ்வளவு, எட்டுப் பேருக்குப் பிரித்தால் எவ்வளவு என்று விரலால் சாம்பலில் கோடு போட்டேன். போடப்போடத்தான் எனக்கே விளங்கியது.

“அப்ப சின்னதுதான் நல்லது” என்றார் அப்பா. “வெள்ளனா வீட்டுக்கு வந்துறலாம்.”

சுவருக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

வருடக் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். முதல் மாணவியாக அல்ல, நடுவில் ஓர் ஆளாக. தாய் தகப்பன் கவனித்தால் எல்லாப் பிள்ளைகளும் கரையேறிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. கவனித்தும் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவர் ‘ஏன்’ என்று கேட்கக் காத்திருக்கிறார் என்றால், வகுப்பில் காது வேறு மாதிரித் திறந்துகொள்கிறது. அடுத்த கூட்டத்தில் அப்பா, பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

இப்போது அந்த நீள மண்டபம் இல்லை. மாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் லயத்தை இடித்துத் தனித்தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். சுவர்கள் கூரை வரைக்கும் போகின்றன, ஒரு வீட்டுப் பாடம் மறுவீட்டுக்குக் கேட்காது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அட்டன் கூட்டத்தில் என் முறை வந்தது. மகளுக்கு விஞ்ஞானம் கஷ்டம், வேறு பாடம் எடுக்கவிடுவதுதான் நல்லது என்றார் அந்த ஆசிரியர், அன்பாகத்தான். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. ‘சரிங்க சேர்’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிரீச்சென்றது.

அந்தக் காலத்தில் ஐந்தை முடித்து ஆறாம் வகுப்புப் படிக்க, அட்டனில் இருந்த சித்தி வீட்டுக்கு நான் புறப்பட்ட காலையில் அம்மா என் தலையை வாரிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்ற அப்பா வந்தார். பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கியவர், பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார்.

“அங்க டீச்சருமாரு எதாச்சும் சொன்னா, ஒடனே சரிங்கன்னு சொல்லிப்புடாத புள்ள. என்னா, ஏன்னு கேளு. ஒக்காந்து கேளு.”